சைக்கிளில் சென்ற ஸதகா

பேரிடரில் சிக்கிய மக்களுக்காக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி நிதி திரட்டுவது மேலைநாடுகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். ஓட்டுபவர் இத்தனை கிலோமீட்டர் செல்லப்போவதாக அறிவிப்பார். அவரை அறிந்தவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ, மொத்தமாக இவ்வளவு என்றோ தருவதாக வாக்களிப்பார்கள். 2017ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த முஸ்லிம்கள் எட்டுப் பேர் லண்டனிலிருந்து மதீனா வரை இவ்வாறு சென்றார்கள். ஐரோப்பாவின் சாலைகளைக் கடந்து, எகிப்து வழியாக ஹஜ்ஜுக்கு முன்னர் புனித பூமியை அடைந்த அவர்கள், சிரியாவில் போரால் நொறுங்கிய மக்களின் மருத்துவ உதவிக்காக நிதி திரட்டினார்கள். காஸாவின் செய்தி இன்னும் கனமானது. 2018 மார்ச் 30 அன்று எல்லையோரப் போராட்டத்தில் சுடப்பட்டு ஒரு காலை இழந்த சைக்கிள் வீரர் அலா அத்தாலி, தம்மைப் போல் உறுப்பிழந்தவர்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் அணியை உருவாக்கினார். 2023 அக்டோபருக்குப் பின் அந்த அணியினர் போட்டிக் கனவை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் மக்களுக்கு உணவுப் பொதிகள் வழங்கும் பணியில் இறங்கினார்கள்.

இத்தகைய செய்திகள் பிள்ளைப்பாக்கத்து இளைஞர்களின் கைபேசிகளுக்கும் வந்து சேர்கின்றன. இங்கே சைக்கிள் என்பது விளையாட்டுப் பொருள் அன்று. சிப்காட் வளாகங்களைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களில் கம்பெனிப் பேருந்து வாய்க்காதவர்கள் பலர். காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் அவர்களைச் சுமப்பது அதுதான். ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஒரகடம் சாலையின் ஓரமாகத் தலையைக் குனிந்தபடி மிதித்துச் செல்லும் வரிசையைக் காணலாம். லாரிகளின் ஒலிப்பான்கள் அவர்களை மண்ணில் இறக்கிவிடும். மீண்டும் தாரில் ஏறுவார்கள். அவர்களில் தமிழர் உண்டு. பீகார், ஒடிசா, அசாம் மாநிலத்தவரும் உண்டு.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எல்லா ஊர்களையும் போலவே எங்கள் பகுதியிலும் அந்த வார ஜும்ஆவுக்குப் பின் வசூல் நடந்தது, அனுப்பப்பட்டது. அத்துடன் பேச்சும் அடங்கியது. ஆனால் மூன்று மாதங்கள் கழித்து ஆறு இளைஞர்கள் நம்மிடம் வந்து, பொங்கல் விடுமுறையை ஒட்டி வயநாடு வரை சைக்கிளில் செல்ல விரும்புவதாகவும், அதைச் சொல்லி நிதி திரட்டுவதற்கு மார்க்கத்தில் தடை உண்டா என்றும் கேட்டார்கள்.

நிர்வாகத்தில் மூத்தவரான ஒரு பெரியவர் எதிர்த்தார். அவர் எதிர்த்தது கஞ்சத்தனத்தால் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வசூலுக்கு எப்போதும் முதலில் கொடுப்பவர் அவர். "தம்பிகளா, நீங்கள் மிதிப்பதால் அங்கே ஒரு செங்கல்கூட எழும்பாது. பணம் அனுப்ப ஒரு நிமிடம் போதும். அதற்கு எதற்கு ஆறு நாள், ஐந்நூறு கிலோமீட்டர்? போட்டோ எடுத்துப் போடத்தானே?" என்றார். இரண்டு வாதங்கள் இதில் அடங்கியிருந்தன. உடலை வருத்துவதால் யாருக்கு என்ன பயன் என்பது ஒன்று. இது முகஸ்துதியாகிய ரியாவில் சேராதா என்பது மற்றொன்று. இரண்டுமே மதரஸாவில் பாடமாக வைத்து விவாதிக்கத் தகுந்தவை. அந்த வாரம் மாணவர்களிடம் அவற்றையே பாடமாக வைத்தோம்.

முதல் வாதத்தில் பெரியவர் பக்கம் வலுவான ஆதாரம் உண்டு. ஒரு முதியவர் தம் இரு மகன்களின் தோள்களில் தொங்கியபடி நடந்து செல்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருக்கிறார் என்று சொல்லப்பட்டபோது, இவர் தம்மைத்தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லும்படி கட்டளையிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வலி தன்னளவில் வணக்கமாகிவிடாது. ஆகவே, 'எங்கள் கால் வலித்தது. அதனால் எங்களுக்கு நன்மை' என்று எண்ணிச் செல்வதானால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று அந்த இளைஞர்களிடம் வெளிப்படையாகவே சொன்னோம்.

ஆனால் உழைப்பு வேறு, வதை வேறு. தர்மத்தைப் பற்றிய வசனம் இறங்கியபோது கையில் பணமில்லாத நபித்தோழர்கள் சந்தைக்குச் சென்று கூலிக்குச் சுமை தூக்கினார்கள். கிடைத்ததைக் கொண்டுவந்து ஸதகாவாகக் கொடுத்தார்கள். அபூமஸ்வூத் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். ஒருவர் பெருந்தொகையைக் கொண்டுவந்தார்; காட்டிக்கொள்ளக் கொடுக்கிறார் என்று நயவஞ்சகர்கள் ஏசினார்கள். மற்றொருவர் ஒரு ஸாவு அளவே கொண்டுவந்தார். இந்தச் சொற்பம் அல்லாஹ்வுக்கு எதற்கு என்று அதையும் ஏளனம் செய்தார்கள். அத்தவ்பா அத்தியாயத்தின் 79ஆம் வசனம் இது குறித்தே இறங்கியது. கொடுப்பவரின் நிய்யத்தை வெளியிலிருந்து எடைபோடுவது யாருடைய பழக்கமாக அங்கே சொல்லப்படுகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பெரியவரிடம் அதை அப்படியே சொல்லவில்லை. வயதுக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? முழர் கோத்திரத்தாரின் சம்பவத்தை மட்டும் நினைவூட்டினோம்.

முழர் கோத்திரத்தார் வெறுங்காலுடன், கிழிந்த கம்பளிகளைப் போர்த்தியவர்களாக மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களின் வறுமையைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. தொழுகைக்குப் பின் உரையாற்றி, தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்ஸாரிகளில் ஒருவர், தூக்க முடியாத அளவு கனத்த ஒரு பையைச் சுமந்துகொண்டு எல்லோரும் பார்க்க வந்தார். அவரைக் கண்டபின் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, உணவும் உடையும் இரு குவியல்களாக உயர்ந்தன. நற்செயலைத் தொடங்கிவைத்தவருக்கு அதைப் பின்பற்றியவர்களின் நற்கூலியும் உண்டு என்ற புகழ்பெற்ற அறிவிப்பு இந்தச் சம்பவத்தில்தான் வருகிறது. அந்த அன்ஸாரித் தோழர் இரவில், யாருமறியாமல் அந்தப் பையைக் கொடுத்திருந்தால் அவருடைய தர்மம் நிறைவேறியிருக்கும். அந்த இரு குவியல்கள் உயர்ந்திருக்குமா? அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் வெளிப்படையான தர்மத்தையும் நல்லது என்கிறது. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதைச் சிறந்தது என்கிறது. சிறந்ததற்காக நல்லதைத் தடுப்பது நம் வேலை இல்லை.

பெரியவர் சற்று நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஆனால் கணக்கு என்னிடம் இருக்கட்டும்" என்றார். அதைவிடச் சிறந்த சம்மதத்தை நாம் எதிர்பார்க்கவில்லை.

கணக்கு என்றதும் சட்டங்கள் வந்தன. பயணச் செலவு, உணவு, டியூப், பிரேக் கட்டை எல்லாம் ஓட்டுபவர்களின் சொந்தப் பணத்திலிருந்து. வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் வயநாட்டுக்கு. பெயர் அச்சிட்ட பனியன் வேண்டாம். உதவி பெறுபவர்களின் முகத்தைப் படமெடுப்பது கூடவே கூடாது. கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் பாழாக்கிவிட வேண்டாம் என்று குர்ஆன் எச்சரிப்பதற்கு இக்காலத்தில் கைபேசிக் கேமராவை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குத் தோன்றவில்லை. ஜகாத் பணத்தை இதில் கலக்கவில்லை. பேரிடர் மதம் பார்த்து வருவதில்லை. பொதுவான ஸதகாவை எவருக்கும் கொடுக்கலாம், ஜகாத்துக்கோ வரையறுக்கப்பட்ட எட்டுப் பிரிவினர் உண்டு. "ஹஜ்ரத், ஜகாத்தை வசூலிக்கும் ஊழியர்களும் அந்த எட்டில் ஒருவர்தானே, நாங்களும் வசூலிக்கிறோமே" என்று ஓர் இளைஞர் குறும்பாகக் கேட்டார். மதரஸாவில் ஒழுங்காகப் படித்த பையன். அது அதிகாரத்தால் நியமிக்கப்பட்டவர்களுக்கானது, தானாகச் சைக்கிளில் ஏறியவர்களுக்கு அல்ல என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னோம்.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வாக்களிப்பது பந்தயம் ஆகாதா என்ற ஐயமும் எழுந்தது. பந்தயத்தில் ஒருவர் தோற்க மற்றவர் பெறுவார். இங்கே ஓட்டுபவருக்கு ஒரு காசும் சேர்வதில்லை. கொடுப்பவர் தம் தர்மத்துக்குத் தாமே ஓர் அளவை வைத்துக்கொள்கிறார். அது வாக்குறுதி. வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும், அவ்வளவே.

இந்தப் பேச்சுகளின்போதெல்லாம் அமைதியாக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு பேரில் அவர் ஒருவர் மட்டும் தமிழர் அல்லர். பீகாரின் அராரியா மாவட்டத்துக்காரர். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்து, ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டு வட பீகாரின் மாவட்டங்களுக்குள் புகுந்தபோது அவர் சிறுவன். உடைந்த தமிழில் அவர் சொன்னதை நம் மொழியில் தருகிறோம்: முதல் பத்து நாட்கள் படகில் வந்தார்கள், அவல் கொடுத்தார்கள், வெல்லம் கொடுத்தார்கள். பிறகு தண்ணீர் வடிந்தது, வயலெல்லாம் மணல். அப்போது யாரும் வரவில்லை. அப்போதுதான் எங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் ஆறு மாதம் கழித்துப் போகலாம் என்கிறேன்.

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு இதைவிடத் தெளிவான நியாயத்தை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை. பேரிடர் நடந்த வாரத்தில் பணம் தானாகவே வரும். தொலைக்காட்சி அதைச் செய்துவிடும். 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் சென்று சென்னையை மூழ்கடித்தபோது பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் திறக்கப்பட்டன. சோற்றுப் பொட்டலங்கள் மலைபோல் வந்தன. நம் பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரி நீரும் செம்பரம்பாக்கத்துக்கே செல்வது. அந்த மழையை இப்பகுதியினர் மறக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில், சுவரெல்லாம் பூஞ்சை பூத்த வீட்டில் தையல் இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்த பெண்ணிடம் யார் சென்றார்கள்? மறந்துபோன செய்தியை ஊரின் முன் மீண்டும் வைப்பதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. ஆறு பேர் சைக்கிளில் போகிறார்கள் என்பது அத்தகைய காரணம்.

அவர்கள் கொடுத்ததில் ஊருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஆறு பேரில் ஐவர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பொங்கலுக்கு இரண்டு மூன்று நாட்கள் விடுமுறை. மற்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அதோடு ஒரு மாதத்தில் ஒருநாள் தவறினாலும் அந்த மாத வருகை ஊக்கத்தொகை போய்விடும். வீட்டு வாடகையின் பாதியை அந்தத் தொகைதான் கட்டுகிறது என்று ஒருவரின் தாயார் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. இளைஞர்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வசூல் பட்டியலிலும் அது இல்லை. சுமை தூக்கிக் கொடுத்த தோழர்களின் அறிவிப்பை அதற்குப் பின் பாடம் நடத்தும்போது நமக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

2025 ஜனவரியில் புறப்பட்டார்கள். நாம் உடன் செல்லவில்லை. வேலூர் வரை பேருந்தில் சென்று முதல் இரவு அவர்களுடன் தங்கினோம். காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை வழியாக அவர்கள் வந்துசேர்ந்தபோது இஷாவுக்கு பாங்கு சொல்லியாகிவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டியது முதல் கஸ்ராகச் சுருக்கித் தொழ அனுமதி இருந்தும் இருவர் நான்கு ரக்அத்களையே தொழுதிருந்தார்கள். ஏன் என்று கேட்டோம். "இது நாங்களாக வரவழைத்துக்கொண்ட கஷ்டம்தானே, ஹஜ்ரத்; சலுகை வாங்கக் கூச்சமாக இருந்தது" என்றார்கள். உமர் (ரலி) அவர்களுக்கும் கஸ்ர் பற்றி ஒரு கேள்வி எழுந்தது. அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய ஸதகா, அவனுடைய ஸதகாவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். பிறருக்கு ஸதகா சுமந்து செல்பவர்கள் தமக்கு வந்த ஸதகாவை மறுக்கலாமா என்று கேட்டதும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். முழங்காலில் தைலம் தேய்த்தபடியே உறங்கிப்போனார்கள்.

பிறகு நடந்தவற்றைத் தொலைபேசியில் கேட்டு அறிந்தோம். ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் பணம் வாங்க மறுத்தது. கிருஷ்ணகிரிக்குப் பின் ஓசூர் நோக்கிய ஏற்றத்தில் சாதாரண சைக்கிள்காரர்கள் இருவர் இறங்கித் தள்ளியது. பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லாததால் பக்கச் சாலையிலேயே சென்றது. பங்க்சர்கள் பதினொன்று. எண்ணி வைத்திருந்தார்கள்.

குண்டலுப்பேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர்க் காடு. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அச்சாலையில் போக்குவரத்துக்கே தடை உண்டு; பகலிலும் யானைகள் குறுக்கிடும் வழி. ஆறு பேரும் தமக்குள் கலந்து பேசி, சைக்கிள்களை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக் காட்டைக் கடந்தார்கள். உயிரைப் பணயம் வைப்பதில் தர்மம் ஏதுமில்லை, நல்ல முடிவு. அதன் பிறகுதான் சிக்கல். கிலோமீட்டர் கணக்கில் வாக்களித்தவர்களிடம் அந்தத் தூரத்தைக் கழித்துவிட வேண்டும் என்று அவர்களே பெரியவருக்குச் செய்தி அனுப்பினார்கள். பெரியவர் நோட்டைத் திறந்து, ஒவ்வொருவரையும் அழைத்து, இத்தனை கிலோமீட்டர் வண்டியில் சென்றார்கள், அதற்கு நீங்கள் தர வேண்டியதில்லை என்று சொன்னார். ஒருவர்கூடக் கழிக்கச் சம்மதிக்கவில்லை. சிலர் கூடுதலாகத் தந்தார்கள். மொத்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை. நோட்டு பெரியவரிடம் இருக்கிறது.

சுல்தான் பத்தேரி, கல்பற்றா, மேப்பாடி. அங்கே உள்ளூர் மஹல்லா நிர்வாகிகளும் ஓர் ஆசிரியரும் அவர்களை அழைத்துச் சென்று சூரல்மலையைக் காட்டினார்கள். ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு இரவு பகலாக உழைத்து அமைத்த 190 அடி பெய்லி பாலத்தின் மேல் நின்றபோது, ஊர் இருந்த இடத்தில் பாறைகளைத் தவிர வேறொன்றையும் காணவில்லை என்றார்கள். வீடிழந்த குடும்பங்கள் மாதம் 6,000 ரூபாய் அரசு வாடகையில் ஆங்காங்கே பிரிந்து வசித்தன. ஒரே தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு, அண்டை வீட்டைப் பார்க்க இப்போது பேருந்து ஏற வேண்டும்.

பின்னர் புத்துமலை. 2019 ஆகஸ்டில் தானும் ஒரு நிலச்சரிவைக் கண்ட ஊர் அது. அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் அங்கே சர்வமதப் பிரார்த்தனையுடன் அடக்கம் செய்திருக்கிறார்கள். பல இடங்களில் பெயர் இல்லை. மரபணுச் சோதனைக்கான எண் மட்டும். கபரைக் கண்டால் ஸலாம் சொல்வது நம் வழக்கம். இது முஸ்லிமின் கபரா, யாருடையது என்றே தெரியாதபோது என்ன சொல்வது? ஃபோன் செய்து கேட்டார்கள். உங்களுக்குத் தெரியாதது அல்லாஹ்வுக்குத் தெரியும். அங்கே அடங்கியிருக்கும் ஈமான் கொண்டோருக்கென்று நிய்யத் வைத்து ஸலாம் சொல்லுங்கள், பிரிந்து தவிக்கும் எல்லாக் குடும்பங்களின் ஆறுதலுக்காகவும் துஆச் செய்யுங்கள் என்றோம். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. காற்றின் ஓசை மட்டும் கேட்டது.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம் என்று முடிவுசெய்தது அந்த அராரியா இளைஞர்தான். மூன்று பிள்ளைகளின் படிப்புச் செலவை அந்த ஆசிரியர் வழியாக மாதந்தோறும் அனுப்புவது. தொகை தீர்ந்தால் நாமே சேர்ப்பது. அல்லாஹ்வுக்கு விருப்பமான செயல் குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை அவர் அறிந்திருந்தாரா என்று நாம் கேட்கவில்லை. மூவரில் ஒரு பிள்ளை கிறிஸ்தவக் குடும்பம், ஒரு பிள்ளை தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பம். பெயர்களைப் பெரியவர் மட்டுமே அறிவார்.

2025 மார்ச் 27 அன்று கல்பற்றாவின் எல்ஸ்டன் தோட்டத்தில் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்ட செய்தியைப் படித்தபோது ரமளான் நடந்துகொண்டிருந்தது. அன்றைய இஃப்தாரில் அதைப் பற்றியே பேச்சு. அதற்குள் ஆறு பேரில் இருவர் ஒப்பந்தம் முடிந்து சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள்; ஒருவர் அங்கிருந்தே அனுப்புகிறார், மற்றவரால் இயலவில்லை. தொகை சுருங்கத் தொடங்கியதும் அராரியா இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் அறை அறையாகச் சென்று ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து வருகிறார். பெரியவர் அவருக்குத் தம் பேரனின் பழைய கியர் சைக்கிளைக் கொடுத்தார். கியர் பழகவில்லை என்று அவர் தம் பழைய சைக்கிளிலேயே வருகிறார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது மேப்பாடியிலிருந்து ஆசிரியர் அழைத்தார். மூன்று தாய்மார்களில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இனித் தம் மகளுக்கான தொகையை வேறு பிள்ளைக்குக் கொடுக்கும்படி அவர் கேட்டுக்கொண்டாராம். யாருக்கு என்று ஆசிரியர் விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை அந்தப் பங்கு தனியே எழுதப்பட்டுப் பெரியவரின் நோட்டில் இருக்கிறது.